நடக்கிற ஸ்கீ

என் மகள் என்னோடு தமிழில் கதைப்பதை விட்டுப் பத்து வருடங்களுக்கு மேலாகிறது. சண்டை ஒன்றும் இல்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த இந்த லா சப்பலில் இது ஒரு புதினமா என்று கேட்பீர்கள். இங்கே எந்த வீட்டில்தான் பிள்ளைகள் தமிழில் பதில் சொல்கின்றன? உண்மைதான். ஆனால் மற்ற வீடுகளில் பிள்ளைக்குத் தமிழ் வராமல் போனது. என் வீட்டில் வந்த தமிழை நான் துரத்தினேன். அதுவும் தமிழ் வாத்தியாராக இருந்துகொண்டு, முதற்பரிசும் வாங்கிக் கொடுத்து. இந்தக் கோதாரியை யாரிடம் சொல்லி அழுவது?

சனங்கள் விசாரித்தால் என் மனைவி பழியை ஸ்கீயின் மேல், காலில் நீளப் பலகை பூட்டிப் பனியில் போகும் அந்த விளையாட்டின் மேல், போடுவாள். "உந்தக் கண்டறியாத ஸ்கீக்குப் போனதிலை இருந்துதான் பிள்ளை மாறினவள்" என்பாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். ஸ்கீக்கு வாயில்லை, மறுத்துப் பேசாது.

அப்போது நான் வாரத்தில் ஐந்து நாள் ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினேன். அங்கே என்னைக் கூப்பிடப் பெயர் தேவைப்படவில்லை, விரலைச் சொடுக்கினால் போதும். ஆறாம் நாள், சனிக்கிழமை, லா சப்பலில் நகரசபை இரவல் தந்த ஒரு கூடத்தில் தமிழ் படிப்பித்தேன். அங்கே நான் வாத்தியார், "சேர்". பியர்ஃபித், சார்செல் போன்ற புறநகர்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மார் என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்புவார்கள். பக்கத்துக் கடைத்தெருவான ரூ காயில் எந்தக் கடைக்குள் போனாலும் ஒரு தேத்தண்ணி வரும். ஊரில், யாழ்ப்பாணத்தில், நான் ஒருநாளும் வாத்தியாராக இருந்தவனில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஓடி வந்தவன். அந்த "சேர்" எனக்குச் சாராயம் போல ஏறியது. இதை எழுதவே இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒருமுறை பேச்சுப் போட்டி நடக்கும். பிள்ளை பேசும் பேச்சைப் பிள்ளை எழுதுவதில்லை. எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது, ஒளிவுமறைவு கிடையாது. தகப்பனோ மாமனோ வாத்தியாரோ எழுதிக் கொடுப்பார், பிள்ளை பாடமாக்கும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தாய் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் கொடுப்பாள். எந்த வசனத்தில் கையை உயர்த்துவது, எந்த இடத்தில் தொண்டை அடைப்பது என்பது வரை சொல்லிக் கொடுப்போம். நடுவராக இருப்பவர்களும் வேறு வருடங்களில் எழுதிக் கொடுப்பவர்கள்தான். ஆகவே போட்டி பெரியவர்களுக்குள்தான். அதில் நான் கெட்டிக்காரன். ஒரு வருடம் என் பேச்சுகளை ஒன்பது பிள்ளைகள் பேசினார்கள். ஒருத்தி வென்று சிரித்தாள், இன்னொருத்தி தோற்று அழுதாள், இரண்டு பேருக்கும் எழுதியவன் நான்.

ஊரில் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு இந்தப் பேச்சுகளின் நிறம் மாறியது. அந்த வசந்தத்தில் நாங்கள் பாரிஸ் தெருக்களில் நின்று கத்தினோம், எவனுக்கும் காது கேட்கவில்லை. மகளுக்கு அப்போது ஏழு வயது, என் தோளில் இருந்தபடியே நித்திரையாகிப் போவாள். பிறகு வீட்டுக்கு வீடு செத்தவீடு. தொண்டையில் நின்றதை யாராவது சொல்லியாக வேண்டும் என்று நாங்கள் பிள்ளைகளைப் பிடித்தோம். ஊரையே காணாத பிள்ளைகள் மேடையில் ஏறி, இழந்த கிணற்றையும் இழந்த வேம்பையும் சொல்லி விம்மின. மண்டபம் அழுதது. அழுவதற்கு அவர்களுக்கு வேறு இடமும் இருக்கவில்லை, அதை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன்.

அதற்கு நாலு வருடம் கழித்து, மகள் ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தபோது, பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடதாசி வந்தது. வகுப்பு முழுவதையும் ஒரு வாரம் யூரா மலைப்பக்கம் பனிக்குக் கூட்டிப் போகிறார்கள். பெற்றார் ஒப்பமிட வேண்டும். மனைவி அந்தக் கடதாசியை மணந்து பார்க்காத குறை.

"பத்து முடிஞ்சு பதினொண்டு நடக்குது. அங்கை வைச்சுப் பிள்ளை பெரிசாகினால் என்ன செய்யிறது? அந்த வெள்ளைக்கார டீச்சருக்கு என்ன தெரியும்?"

"அதுக்காகப் பிள்ளையை வீட்டுக்கை பூட்டி வைக்கிறதே?"

"கால் கையை முறிச்சுக்கொண்டு வந்தால் நீங்கள்தான் தூக்கித் திரியோணும், சொல்லிப்போட்டன்."

வகுப்பாசிரியை தொலைபேசியில் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகு ஒப்பமிட்டேன். பிள்ளைமேல் வந்த இரக்கம் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், ஒரு பிரெஞ்சு வாத்தியார் என்னை "மிசியே", அதாவது ஐயா, என்று கூப்பிட்டுக் கெஞ்சியது எனக்குப் பிடித்திருந்தது.

போன மகள் ஒரு வாரம் கழித்து, உதடு வெடித்து, மூக்கு நுனி தோலுரிந்து, பெரிய பையை இழுத்துக்கொண்டு வந்தாள். சப்பாத்தைக் கழற்ற முதலே கதைக்கத் தொடங்கினாள். அதுவரை அவளுடைய தமிழ் "ஓம்", "இல்லை", "பசிக்குது", "பிறகு" என்ற அளவில்தான் இருந்தது. மிச்சம் பிரெஞ்சு. ஆனால் இந்த முறை அவளுக்கு என்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டியிருந்தது, என் பிரெஞ்சு குசினியைத் தாண்டாத பிரெஞ்சு. அவள் வேகமாகச் சொன்னால் எனக்கு விளங்காது, மெதுவாகச் சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை. ஆகையால் தமிழுக்கு வந்தாள். யாரும் சொல்லாமல், அவளாகவே.

"அப்பா, இது மலையிலை இருந்து சர்ரெண்டு வாற ஸ்கீ இல்லை. இது நடக்கிற ஸ்கீ. ஏறவும் வேணும், இறங்கவும் வேணும்."

"நடக்கிறதுக்கு என்ன கோதாரிக்கு ஸ்கீ? கால் இருக்குத்தானே?"

"சும்மா நடந்தால் பனிக்குள்ளை தாண்டு போவியள். முழங்கால்மட்டும் புதைஞ்சு போவியள். நில்லுங்கோ, காட்டுறன்."

கழுவித் துடைத்த நடைபாதை. காலில் கம்பளிக் காலுறை. ஒரு கையில் தும்புத்தடி, மறு கையில் நிலம் துடைக்கும் தடி. குசினி வாசலிலிருந்து குளியலறை வரை அவள் போய்க் காட்டினாள். வலது கை முன்னால் போகும்போது இடது கால் முன்னால் போகிறது. சப்பாத்தின் முன்நுனியை மட்டும்தான் ஸ்கீயோடு பூட்டுவார்களாம், குதி சும்மா மேலே எழும்பித் தாழும். அதனால்தான் நடக்கலாம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு காலில் மட்டும் நின்று கொஞ்சத் தூரம் போக வேண்டும். "பயந்தால் ரெண்டு காலிலையும் நிப்பியள், அப்ப ஸ்கீ போகாது" என்றாள். நான் எழும்பி முயன்று பார்த்துச் சுவரில் தலையை இடித்தேன். "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று மனைவி குசினிக்குள்ளிருந்து சொன்னாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த வாரம் முழுக்க, நான் வேலையால் வந்ததும், மேசையில் இரண்டு பேரும் இருப்போம். அவள் பிரெஞ்சுச் சொல்லைச் சொல்வாள், அது என்ன சாமான் என்று விளக்குவாள், நான் தமிழைத் தேடுவேன். பிரெஞ்சுக்காரருக்கு இந்த ஒரு நடைக்கு எத்தனை சொற்கள்! யந்திரம் பனியில் கீறி விடும் இரண்டு பள்ளக் கோடுகளுக்கு ஒரு சொல். அதற்கு "தடம்" என்றேன், தலையாட்டினாள். ஏற்றத்தில் கால் நுனிகளை அகட்டி வைத்து ஏறுவதைத் தாராவின், வாத்தின், பெயரால் சொல்கிறார்களாம். "தாரா நடை" என்றதும் மேசையில் தட்டினாள். இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க முன்பக்கத்தைக் கூட்டிப் பின்பக்கத்தை அகட்டுவதற்கு "பனிதள்ளி". ஸ்கீயின் நடுப்பகுதியில், அடியிலே, வெட்டு வெட்டாக இருக்குமாம், முன்னுக்குப் போக விடும், பின்னுக்கு வழுக்க விடாது. அதற்கு நான் அகராதியைத் திறக்கப் போனேன். அவள் தாயின் கையைப் பார்த்தாள். தாய் விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "செதில்!" என்றாள் மகள். பிரெஞ்சிலும் செதில்தானாம்.

எல்லாவற்றையும் நான் சொன்னபடி ஏற்றுக்கொண்டாள் என்று நினைக்க வேண்டாம். ஒரு காலில் நின்று போகும் அந்தப் போக்குக்கு நான் "சறுக்கல்" என்றேன். முகத்தைச் சுழித்தாள்.

"சறுக்கிறது பிழைச்சுப் போறது அப்பா. இது நானாப் போறது."

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. "வழுக்கல்" என்றேன், அதுவும் விழுகிற சொல் என்றாள். கடைசியில் "நழுவல்" என்றேன். இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்து, "ஓம், இது சரி" என்றாள். பனியையும் அவள்தான் பிரித்தாள். புதிதாய் விழுந்தது புட்டு மா. வெயிலில் உருகிக் கால் இழுபடுவது கூழ். அடுத்த நாள் குளிரில் மேலே இறுகியது பொருக்கு. அங்கே படிப்பித்தவருடைய ஸ்கீக்குச் செதில் இல்லையாம், அவர் காலையில் குளிரைப் பார்த்து எந்த நிற மெழுகு பூசுவது என்று முடிவெடுப்பாராம். "குளிர் கூட எண்டால் பச்சை, பிறகு நீலம், சூடு வந்தால் சிவப்பு. கையாலை தேய்ச்சுப் பாப்பார். பிழையான மெழுகெண்டால் ஒரு அடி போகேலாது." அவள் இத்தனை நீளத்துக்குத் தமிழில் ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தகப்பனாக நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று கேட்டால் அந்த ஏழெட்டு நாட்களைத்தான் சொல்வேன். வேறு இல்லை.

பிறகு அவளே கேட்டாள்.

"அப்பா, பேச்சுப் போட்டிக்கு நான் இதைச் சொல்லட்டே?"

"எழுது பாப்பம்" என்றேன்.

ஒன்றரைப் பக்கம் எழுதினாள். றகர ரகரம் எல்லாம் தாறுமாறு, வசனம் பாதியில் நின்று திரும்பப் புறப்படும். ஆனால் ஒரு வரியும் என்னுடையதில்லை. நடுவில் இப்படி எழுதியிருந்தாள்: "மற்றப் பிள்ளையள் முன்னுக்குப் போட்டினம். நான் மரங்களுக்கு நடுவில் தனிய நிண்டன். ஒரு சத்தமும் இல்லை. என்ர மூச்சு மட்டும் எனக்கு முன்னால் நடந்தது." அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன். இருபது வருடமாக எழுதுகிறவன் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த எனக்கு அப்படி ஒரு வரி வந்ததில்லை.

அதை எடுத்துக்கொண்டு ரூ காய்க்குப் போனேன். எங்கள் பள்ளிக்கூட நிர்வாகத்தில் இருந்த அண்ணை அங்கே மரக்கறிக் கடை வைத்திருந்தார். போட்டிக்கான பேச்சுகளை முதலில் அவர் பார்ப்பது வழக்கம். முருங்கைக்காய்ப் பெட்டிக்கு மேல் தாளை வைத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, முழுவதையும் வாசித்தார். நல்ல மனுசன். அவருடைய தம்பி 2009இல் காணாமல் போனவன். இருக்கிறானா இல்லையா என்று அன்றைக்கும் தெரியாது.

"பிள்ளை வடிவாத்தான் எழுதியிருக்கு, தம்பி. ஆனா மண்டபத்திலை வந்து இருக்கப்போற சனத்தை ஒருக்கா யோசிச்சுப் பாரும். அதுகளுக்கு முன்னாலை ஸ்கீ விளையாடின கதையோ?"

"பிள்ளை தானாய் எழுதினது, அண்ணை."

"அது விளங்குது. எங்கடை பிள்ளையளும் ஊரைப் பற்றிக் கதைக்காட்டி வேறை ஆர் கதைக்கிறது? நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. நீர் யோசியும்."

வருடக்கணக்காக நான் இந்த மனுசனைத்தான் திட்டினேன். வீட்டில் சாப்பிடும்போது திட்டினேன், ரயிலில் போகும்போது மனதுக்குள் திட்டினேன். ஆனால் அவர் என்ன சொன்னார்? யோசியும் என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு நான் ஊரையும் யோசிக்கவில்லை, செத்த சனத்தையும் யோசிக்கவில்லை. சேரின் பிள்ளை எழுத்துப்பிழைத் தமிழில் பனியில் விழுந்தெழும்பின கதை சொல்லி மூன்றாமிடம் வந்தால் தாய்மார் என்ன கதைப்பார்கள் என்றுதான் யோசித்தேன். என் எழுத்தைப் பேசிய வேறொரு பிள்ளை என் பிள்ளையை வென்றுவிட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசித்தேன். மானங்கெட்ட யோசனை.

எங்கள் வீடு இருந்த சார்செலுக்குத் திரும்பும் ஆர்.ஈ.ஆர். ரயிலிலேயே புதுப் பேச்சை எழுதத் தொடங்கினேன். அந்த வேலை எனக்குக் கைவந்தது, பேனை தானாக ஓடும். "என் இனிய ஊரே! உன் மடியில் தவழ்ந்த நாட்களை எண்ணுகிறேன்." கிணற்றடி வந்தது, பனந்தோப்பு வந்தது, கோயில் மணி வந்தது. பனந்தோப்புக்கு வந்ததும் பேனை நின்றது. அந்த இடத்துக்கு ஒரு நல்ல வரி வேண்டும். மடியில் அவளுடைய ஒன்றரைப் பக்கம் இருந்தது. எடுத்து எழுதினேன்: "பனைகளின் நடுவே தனியே நின்றேன். சத்தம் ஏதுமில்லை. என் மூச்சு மட்டும் எனக்கு முன்னால் நடந்தது." நன்றாகத்தான் பொருந்தியது. எனக்கு வெட்கமே வரவில்லை.

வீட்டுக்குப் போய் அவளிடம் கொடுத்தேன். அவளுடைய தாளையும் திருப்பிக் கொடுத்தேன், சிவப்புப் பேனையால் எழுத்துப்பிழைகளைத் திருத்தி. வாத்தியார் அல்லவா! சிவப்பை ஒரு கணம் பார்த்தாள். பிறகு என் பேச்சை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அப்பா, நான் கிணத்தடியிலை ஒருநாளும் குளிக்கேல்லையே."

"பேச்செண்டால் அப்பிடித்தான் பிள்ளை. எல்லாரும் அப்பிடித்தான் பேசுறவை."

இன்னும் கொஞ்சம் வாசித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என்ரை."

"ஓம், உன்ரைதான். நல்ல வசனம், விடக்கூடாதெண்டு சேர்த்திருக்கிறன்."

"ஊரிலை வெய்யில்தானே அப்பா? வெய்யிலுக்கை மூச்சுத் தெரியுமோ?"

பதில் இல்லாத இடத்தில் தகப்பன்மார் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். "வாய் காட்டாமல் பாடமாக்கு" என்று கத்தினேன். குசினிக்குள்ளிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "கட்டிக் குடுத்த சோறும் சொல்லிக் குடுத்த சொல்லும் எத்தினை நாளைக்கு?" என்றாள். அவளைப் பார்த்தும் கத்தினேன். மகள் தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நாலே நாளில் பாடமாக்கிவிட்டாள். கெட்டிக்காரி. போட்டியன்று மண்டபம் நிறைந்திருந்தது. பச்சைப் பாவாடை சட்டையில் மேடையில் ஏறி, கை கூப்பி, ஒரு சொல் தடக்காமல் பேசினாள். நான் சொன்ன இடத்தில் கை உயர்ந்தது, நான் சொன்ன இடத்தில் குரல் அடைத்தது. பனந்தோப்பு வந்தபோது முன்வரிசையில் ஒரு அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். மரக்கறிக் கடை அண்ணை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். முடிவு சொல்ல வந்த நடுவர், "மூச்சு முன்னால் நடந்தது என்று சொன்னாளே இந்தக் குழந்தை, ஊரை நேசிக்கிற நெஞ்சுக்குத்தான் இப்படி ஒரு வரி வரும்" என்று ஒலிவாங்கியில் சொன்னார். அந்த மண்டபத்தில் எல்லாரும் யாழ்ப்பாணத்து வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள். அந்த வெயிலில் எவன் தன் மூச்சைக் கண்டான்? ஒருவரும் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆளை நான் வாயடைக்கச் செய்திருந்தேன்.

முதற்பரிசு. வெற்றிக்கிண்ணம் அவளுடைய முழங்கை நீளம். தாய்மார் வந்து என் கையைப் பிடித்தார்கள். "சேரின்ரை பிள்ளையெண்டால் சும்மாவே" என்றார்கள். நான் மிதந்தேன், மெய்யாகவே மிதந்தேன். ரயிலில் அவள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்திருந்தாள்.

"எப்பிடிப் பிள்ளை, சந்தோசமே?"

"ஸா வா" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம்.

களைப்பு என்று நினைத்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டேன், பிரெஞ்சில் சொன்னாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். சாப்பாட்டு மேசையில் ஒருநாள், "செதில் வைச்ச ஸ்கீயிலை திரும்பப் போக விருப்பமே?" என்று வேண்டுமென்றே நூல் விட்டுப் பார்த்தேன். "உய்" என்று பிரெஞ்சில் ஓம் சொல்லித் தலையாட்டி எழும்பிப் போனாள். வயசுக் கோளாறு என்றாள் மனைவி. பெரிய பிள்ளையானதும் சரிவரும் என்றாள். பெரிய பிள்ளையானாள், ஊரைக் கூட்டிச் சாமத்தியவீடும் செய்தோம், சரிவரவில்லை. தாயோடு அரைகுறையாக இரண்டு சொல் தமிழ் கதைப்பாள். என்னைக் கண்டால் அதுவும் நிற்கும். ஒருநாள் அடக்க முடியாமல், "தமிழ் வாத்தியின்ரை பிள்ளை தமிழ் கதைக்காட்டி எனக்கெல்லே வெக்கம்" என்று கத்தினேன். பதினாலாவது வயதில் சனிக்கிழமை வகுப்பையும் விட்டாள். எனக்கும் அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் நின்று "அ" எழுதக் கை கூசியது. அடுத்த வருடம் நானும் விட்டேன்.

நடக்கிற ஸ்கீயை மட்டும் அவள் விடவில்லை. நகரசபை இளைஞர் கூட்டத்தோடு ஒவ்வொரு குளிர்காலமும் போனாள். படிப்பை முடித்ததும் யூராவிலேயே தங்கினாள். இப்போது அங்கே ஒரு ஸ்கீ நிலையத்தில் புதிதாக வருகிறவர்களுக்குப் படிப்பிக்கிறாள். செய்தியெல்லாம் எனக்குத் தாய் வழியாக வரும். "உங்கடை மகள் வாத்தியாராப் போனாள்" என்று ஒருநாள் மனைவி சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது.

இரண்டு வருடங்களுக்கு முந்தின பெப்ரவரியில் நான் தனியே போனேன். மனைவிக்கு முழங்கால் நோவு, குளிருக்குள் வரமாட்டேன் என்றாள். ரயில், பிறகு பேருந்து. சொல்லிவிட்டுத்தான் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வகுப்பில் நின்றாள். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் வெள்ளைக்காரர், சிலருக்கு என் வயதும் இருக்கும். நான் பாரிஸ் சப்பாத்தோடு வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். அவள் முன்னால் போய்க் காட்டினாள். ஒரு காலில் நின்று, மறுகாலுக்கு மாறி, தடிகள் மாறி மாறிக் குத்த, சத்தமில்லாமல் போனாள். வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. பிறகு நின்று, குனிந்து, ஒரு பிடி பனியை எடுத்துக் கையுறையில் உதிர்த்து, அது எப்படிப்பட்ட பனி என்று அவர்களுக்கு விளக்கினாள். ஐந்து நிமிடமாவது பேசியிருப்பாள். கையால் காட்டினாள், சிரித்தாள், எதையோ சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தாள். எழுதி வைத்துக்கொண்டு யாரும் அப்படிப் பேச முடியாது. எனக்கு அதில் கால்வாசிதான் விளங்கியது.

வகுப்பு முடிந்ததும் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில் இருந்தோம். எனக்குக் கோப்பி, தனக்குச் சூடான சொக்கலேற் வாங்கி வந்தாள். பயணம் எப்படி, அம்மாவின் முழங்கால் எப்படி என்று கேட்டாள். பிரெஞ்சில்தான், எனக்காக மெதுவாக, சொல் சொல்லாக. அந்த மெதுவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேற்றாளுக்கு வழி சொல்லும் குரல்.

"ஒண்டு கேக்கட்டே?" என்றேன். "என்னோடை ஏன் பிள்ளை தமிழிலை கதைக்கிறாயில்லை? நான் செத்தாப் பிறகே கதைக்கப்போறாய்?"

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். கோபம் இல்லை. வகுப்பில் யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலை யோசிப்பது போல யோசித்தாள்.

"ஆன் தமூல், ழ ரெசித்" என்றாள். தமிழில் நான் பாடம் ஒப்புவிக்கிறேன் என்று அர்த்தம்.

பிறகு, எனக்கு விளங்க வேண்டுமென்று, இன்னும் மெதுவாகச் சொன்னாள். தமிழில் வாயைத் திறந்தால் வருகிற சொல் தன்னுடையதா, யாரோ எழுதித் தந்ததா என்று தனக்குத் தெரிவதில்லையாம். அம்மாவோடு உப்பு, புளி, முழங்கால் பற்றிக் கதைக்கலாமாம், அதற்கு ஒருவரும் எழுதித் தரவில்லை. என்னைக் கண்டால் மட்டும் மேடை ஞாபகம் வருமாம். "உங்கள் பிழை என்று சொல்லவில்லை" என்றும் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்று அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் விளங்கியது. எங்கள் வீடுகளில் தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை, அதை எப்படிச் சொல்வது என்றும் தெரியாது. "மன்னித்துக்கொள் மகளே" என்று வாய் வரை வந்தது. சொல்ல முதலே அதன் ஓசை எனக்கே கேட்டது. என் பேச்சுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருப்பேன் அந்த வசனத்தை! அதைச் சொன்னால் அவளுக்கு இன்னொரு பேச்சு. விழுங்கினேன்.

ஆகவே பிரெஞ்சில் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே சொல், மெத்ரோவில் ஆட்களை இடித்துக்கொண்டு இறங்கும்போது சொல்வது.

"பார்தோன்."

அவள் என்னைப் பார்த்தாள். மெத்ரோவில் இடிபட்டவர்கள் திருப்பிச் சொல்லும் பதிலைத்தான் சொன்னாள்.

"செ பா கிராவ்."

பரவாயில்லை. பிறகு மணிக்கூட்டைப் பார்த்து, அடுத்த வகுப்புக்கு நேரமாகிறது என்று எழும்பி, கையுறையைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.